ஸ்டேஜ் டூ கனவான்கள்

இந்த நாட்டில் காற்றைக் கெடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. பழைய லோடு ஆட்டோவில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கெடுக்கலாம். கோயம்பேடு பக்கம் ஓரங்கட்டச் சொல்வார்கள், ரசீது கிழிப்பார்கள், மறுநாள் பேப்பரில் கரும்புகையோடு படமும் வரும். இல்லையென்றால், இருபது லட்ச ரூபாய்க்கு டர்போ கார் வாங்கி, அதன் கம்ப்யூட்டரைத் திறந்து மாற்றி எழுதி, புகையைச் சுத்தம் செய்யும் கருவியைக் கழற்றிக் கடாசிவிட்டும் கெடுக்கலாம். இதற்கு ரசீது கிடையாது. 'ஸ்டேஜ் டூ' என்று பட்டம் உண்டு. பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கரும் தருவார்கள், இலவசமாக.

பட்டமளிப்பு விழா எளிமையாகத்தான் நடக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ அவிநாசி சாலையிலோ பிரியும் ஒரு சந்தில் தகர ஷெட். முதலில் வண்டியின் பேட்டரிக்கு சார்ஜர் மாட்டுவார்கள்; எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டர் செத்துப்போகும். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு சாக்கெட் இருக்கிறது. கோளாறு பார்க்க சர்வீஸ் சென்டரில் கேபிள் செருகுவார்களே, அதே சாக்கெட்தான். அதில் லேப்டாப்பைச் செருகி, வண்டியின் மூளைக்குள் இருக்கும் கோப்பை உருவி, எங்கோ இருக்கும் 'மேப்பருக்கு' மெயிலில் அனுப்புகிறார்கள். டீ வருகிறது. கிளாஸைக் கீழே வைப்பதற்குள் திருத்திய கோப்பும் வந்துவிடுகிறது.

"பாப்ஸ் போட்டுறலாங்களா?"

"ஃபுல்லா போட்டுருங்க ப்ரோ."

"கேட் கழட்டுனா செக் இன்ஜின் லைட் எரியும். அதையும் ஆஃப் பண்ணிடறேன்."

"அப்புறம் எரியாதில்ல?"

"ஜென்மத்துக்கும் எரியாதுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலின் மொத்த தர்மமும் அதில் அடங்கியிருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இன்று ஓடும் எந்தக் காரிலும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவர் இன்ஜினுக்குக் கட்டளை இடுவதில்லை, விண்ணப்பம்தான் போடுகிறார். முடிவெடுப்பது கம்ப்யூட்டர். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, உள்ளே வரும் காற்றின் அழுத்தம் என்ன, சூடு என்ன, புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம், சிலிண்டருக்குள் 'நாக்' தட்டுகிறதா என்று ஒவ்வொரு நொடியும் பலமுறை கேட்டு, தன்னிடமுள்ள அட்டவணைகளைப் பார்த்து, இத்தனை மில்லிசெகண்ட் பெட்ரோல், இத்தனை டிகிரியில் தீப்பொறி, டர்போ இவ்வளவுதான் ஊதலாம் என்று தீர்மானிக்கிறது. அந்த அட்டவணைகளுக்குத்தான் 'மேப்' என்று பெயர். டர்போ சாமானியப்பட்ட சாமான் இல்லை. வெளியேறும் புகையின் வேகத்திலேயே நிமிஷத்துக்கு 2 லட்சம் முறைக்கு மேல் சுற்றக்கூடியது. பெட்ரோல் டர்போ காரில் அந்தப் புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். அதனால் அட்டவணை எழுதிய பொறியாளர் கொஞ்சம் விட்டுத்தான் எழுதியிருப்பார். மே மாத ஜெய்ப்பூருக்குக் கொஞ்சம், கொல்லிமலை ஏற்றத்துக்குக் கொஞ்சம், மண்ணெண்ணெய் கலந்த பங்க்குக்குக் கொஞ்சம், ஆயில் மாற்ற வேண்டிய தேதியை மறந்துபோகும் நமக்குக் கொஞ்சம்.

அவர் விட்டுவைத்த அந்தக் கொஞ்சம்தான் இந்தத் தொழிலின் முதலீடு. "கம்பெனிக்காரன் பவரைப் பூட்டி வெச்சிருக்கான் சார், நாம சும்மா தொறந்து விடறோம்." கேட்பதற்குச் சுதந்திரப் போராட்டம் மாதிரியே இருக்கும்.

நியாயமாகச் சொன்னால் இதில் பாதி உண்மை இருக்கிறது. ஃபோக்ஸ்வேகனின் அதே ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் ஐரோப்பாவில் 95 குதிரைத்திறனிலும் வந்தது, 115-லும் வந்தது. இப்போது இன்னும் முன்னேறி, மின்சாரக் காரில் கூடுதல் சக்தியை மாதச் சந்தாவுக்கு விற்கிறார்கள். 2025-இல் பிரிட்டனில் ஐடி.3 காருக்கு அந்தத் திட்டம் வந்தது. நம் காசில் வாங்கிய மோட்டாரைப் பூட்டி, சாவிக்கு மாத வாடகை. இந்தக் கொள்ளைக்கு எதிராக ஒருவர் லேப்டாப்போடு கிளம்பினால் கைதட்டலாம் என்றுதான் தோன்றும். ஆனால் நம் கனவான் அதற்குக் கிளம்பவில்லை. 95 குதிரையானாலும் 115 ஆனாலும் இரண்டையும் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ஓட்டிக்காட்டி, புகை இவ்வளவு, சத்தம் இவ்வளவு என்று சான்று வாங்கித்தான் தெருவில் விடுகிறது. மெயிலில் வந்த கோப்பை யார் ஓட்டிப்பார்த்தார்கள்? கனவான்தான். எங்கே? நம் தெருவில்.

கியர்பாக்ஸ் கதை இன்னும் விசேஷம். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் விர்டஸ், ஸ்லாவியா, டைகுன், குஷாக் கார்களில் ஒன்றரை லிட்டர் டர்போ 250 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. அதோடு வரும் ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் தாங்கக்கூடிய அளவு என்று சொல்லப்படுவதும் அதே 250-தான். எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிற வண்டி. இதில் இன்னும் ஐம்பது, அறுபது ஏற்றி, சிக்னலுக்குச் சிக்னல் 'லாஞ்ச்' போட்டால் கிளட்ச் என்ன செய்யும்? தேயும். தேய்ந்ததும் கனவான் பழைய ஷெட்டுக்குப் போய் கம்பெனியின் 'ஸ்டாக்' கோப்பைத் திரும்ப ஏற்றிக்கொள்கிறார். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்கிறார். பிறகு சர்வீஸ் சென்டரில் சட்டையை இன் செய்துகொண்டு போய் நின்று, "சார், நான் ஆபீசுக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டறேன், எப்படித் தேஞ்சதுன்னே தெரியலை" என்கிறார். வாரண்டி கேட்கிறார். கம்பெனிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கம்ப்யூட்டர் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கை உள்ளே ஒளித்துவைத்திருப்பார்கள், கேபிளைச் செருகியதும் குட்டு உடையும். உடைந்தால் அதே கனவான் நுகர்வோர் உரிமை பற்றி நீண்ட கட்டுரை எழுதுவார். உடையாமல் போனால் அவர் கிளட்சுக்கான காசை, அடுத்த வருடம் விலையேற்றத்தில், வண்டியைத் தொடக்கூட இல்லாத இன்னொருவர் கட்டுவார்.

இதெல்லாம் அவருக்கும் கம்பெனிக்கும் உள்ள பங்காளிச் சண்டை. நமக்கு அதில் வேலை இல்லை. நமக்கு வேலை இருப்பது பாப்ஸில்.

சாதாரண வண்டியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். வேண்டாதபோது ஊற்றுவானேன் என்கிற புத்தி அதற்கு இருக்கிறது. பாப்ஸ் மேப் இந்தப் புத்தியைத்தான் முதலில் அழிக்கிறது. காலை எடுத்த பிறகும் பெட்ரோலைத் தெளிக்கச் சொல்கிறது. தீப்பொறியை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது. இன்ஜினுக்குள் எரிய வேண்டியது புகைக்குழாயில் போய் வெடிக்கிறது. டப், டப், டபடப. உலக ராலிப் பந்தயங்களில் டர்போ ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்க இப்படி ஒன்று செய்வார்கள். அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது, வெடிச்சத்தம் அதன் பக்கவிளைவு. இங்கே காரணத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பக்கவிளைவை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலை வண்டி நகர்வதற்காக அல்லாமல், நீலாங்கரையில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் திடுக்கிட்டு எழுந்து உட்காருவதற்காக எரிக்கிற ஒரே மனித இனம் இதுதான்.

2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் என்று ஒன்று இருக்கிறது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 40 டெசிபல்தான் வரம்பு. குடியிருப்புப் பகுதியில் 45. நாற்பது டெசிபல் என்பது நூலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தணிந்து பேசுகிற அளவு. நம் கனவான் இரவு பதினொன்றரைக்கு மருத்துவமனை மதிலை ஒட்டி மூன்றாவது கியரில் மிதித்துவிட்டுக் காலை எடுக்கிறார். உள்ளே குறைமாதக் குழந்தையோடு ஒரு தாய் படுத்திருக்கலாம், நெஞ்சில் தையல் போட்ட ஒருவர் முதல்முறையாகக் கண்ணயர்ந்திருக்கலாம். அவர்களுக்கும் கொஞ்சம் மோட்டார் ஸ்போர்ட் ரசனை வரட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

அடுத்தது கேட். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்கிற தேன்கூடு போன்ற அந்த உருளைக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். நன்றாகச் சூடேறியபின், விஷவாயுக்களில் பத்தில் ஒன்பது பங்கை அது பிடித்து மாற்றிவிடும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் நம் மூக்குக்கு வந்து சேராமல் அது தடுக்கிறது. டர்போவை ஒட்டி இருப்பதால் காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சல். ஆகவே கழற்றி, வெறும் குழாயைப் போடுகிறார்கள். 'டவுன்பைப்' என்பார்கள். இதில் ஒரு சிக்கல். கேட்டுக்குப் பின்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்து, கேட் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். செய்யவில்லை என்றால் பி0420 என்று கோளாறு எண்ணைப் பதிந்து, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கை எரியவிடும். மொத்த வண்டியிலும் பொதுமக்கள் சார்பாகச் சாட்சி சொல்ல இருப்பது அந்த ஒரே ஒரு சென்சார்தான். அதைத்தான் "ஆஃப் பண்ணிடறேன்" என்றார் ஷெட்டுக்காரர். "ஜென்மத்துக்கும் எரியாதுங்க" என்றாரே, அது இதைத்தான். கேட் இல்லை, இல்லை என்று சொல்ல ஆளும் இல்லை.

கம்ப்யூட்டரைத் தொடவே பயப்படுகிறவர்களுக்கு மலிவாக ஒரு பெட்டியும் கிடைக்கிறது. காற்றழுத்த சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டிவிட்டால் போதும். டர்போ நிறைய ஊதிக்கொண்டிருக்கும்போதே "குறைவாகத்தான் ஊதுகிறது" என்று அது கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லும். அதை நம்பிக் கம்ப்யூட்டர் மேலும் ஊதச் சொல்லும். பந்தியில் இலை நிறையச் சோற்றை வாங்கிக்கொண்டு, இலையை மறைத்தபடி "எனக்கு இன்னும் வைக்கவே இல்லை" என்று கையை நீட்டுகிறவரின் அதே வித்தை. இதற்கு 'ப்ளக் அண்ட் ப்ளே' என்று பெயர்.

இந்த வித்தையைப் பெரிய அளவில் செய்து உலகமே காறித்துப்பிய ஒரு கம்பெனி உண்டு. 2014-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சிலர் ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களைச் சாலையில் ஓட்டி அளந்து பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் சைவமாக இருந்த வண்டி சாலையில் வேறு மாதிரி இருந்தது. 2015 செப்டம்பர் 18-ஆம் தேதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நோட்டீஸ் விட்டது. சோதனை நடக்கிறதா என்று மோப்பம் பிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள். மற்ற நேரங்களில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை. உலகம் முழுக்க 1.1 கோடி கார்கள். ஐந்தே நாளில் தலைமை அதிகாரி மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார். ஜேம்ஸ் லியாங் என்கிற பொறியாளருக்கு 40 மாதச் சிறை. கம்பெனிக்கு மொத்தச் செலவு 3,000 கோடி யூரோவுக்கும் மேல். நம் ஊரிலும் அப்போது எல்லோருக்கும் ரோஷம் வந்தது. 3.2 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்கிறோம் என்றது கம்பெனி. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், கட்டாய நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று நிறுத்திவைத்தது. சரி, அது பெரிய இடத்துச் சமாச்சாரம்.

எனக்குப் புரியாதது வேறு. அந்தக் கம்பெனி ஒளிந்து ஒளிந்து செய்ததை, அதே கம்பெனியின் காரை வாங்கிய ஆள் காசு கொடுத்துச் செய்துகொண்டு, ஸ்டிக்கர் ஒட்டி, வீடியோ போட்டு, 'லிங்க் இன் பயோ' என்கிறார். ஜெர்மானியர்களுக்காவது வெட்கம் இருந்தது. அந்த மென்பொருளுக்கு உள்ளுக்குள்ளே 'ஒலிச் செயல்பாடு' என்று ஏதோ மறைபெயர் வைத்துக்கொண்டார்கள். நம் ஆள் 'கேட் டிலீட்' என்று விலைப்பட்டியலிலேயே போட்டுவிடுகிறார்.

"நாங்க எத்தனை பேர் சார், நூறு வண்டி இருக்குமா? இதனாலயா காத்து கெடப்போகுது?" என்று ஒரு வாதம் உண்டு. அமெரிக்காவிலும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020 நவம்பரில் அதே சுற்றுச்சூழல் முகமை கணக்கெடுத்து வெளியிட்டது: பத்தாண்டுகளில் புகைக் கட்டுப்பாட்டைப் பிடுங்கிய டீசல் பிக்கப் வண்டிகள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். அவற்றின் ஆயுட்காலத்தில் கூடுதலாக வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடு 5.7 லட்சம் டன். ஒழுங்கான வண்டிகள் 90 லட்சத்தைப் புதிதாகச் சாலையில் இறக்கிவிட்டதற்குச் சமம் என்றது அந்த அறிக்கை. டர்போ கார் ட்யூனிங்கில் உலகப் புகழ்பெற்ற கோப் நிறுவனம் 2024-இல் 29 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. அங்கே ஊர் ஊராக 'நூறு வண்டி'யைக் கூட்டிப்பார்க்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இங்கே கூட்டிப்பார்க்கவே ஆளில்லை. டீசலையும் சேர்த்துச் சொல்கிறேன். ஏழு பேர் உட்காரும் வெள்ளை எஸ்.யூ.வி.களில் டி.பி.எஃப். வடிகட்டியைக் குடைந்து எடுத்து, புகையைத் திரும்ப இன்ஜினுக்குள் சுற்றவிடும் இ.ஜி.ஆரை அடைத்து ஓட்டுகிறவர்கள் டர்போ பையன்களைவிட வயதில் பெரியவர்கள், பதவியிலும் பெரியவர்கள்.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 190-ஆவது பிரிவில் புகைக்கும் சத்தத்துக்கும் மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் முடக்கம். மேப்பை மாற்றி எழுதும் 'ரீமேப்'புக்கு முப்பது, நாற்பதாயிரத்தை எண்ணிவைக்கிற ஆளுக்கு ஐயாயிரம் என்பது டிப்ஸ். அந்த ஐயாயிரத்தையும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

யாரிடம் கேட்கிறார்கள்? விசாகப்பட்டினத்திலும் பெங்களூரிலும் காவல்துறை புல்லட் பையன்களின் சைலன்சர்களைப் பறிமுதல் செய்து, சாலையில் வரிசையாகப் படுக்கவைத்து, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கியது. கேமராக்கள் சுற்றி நின்றன. பார்க்கத் திருப்தியாகத்தான் இருந்தது. அந்தச் சைலன்சர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கவனியுங்கள். சைலன்சர் கண்ணுக்குத் தெரியும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குச் சந்தையில் வாங்கியது. வைத்திருப்பவன் பெரும்பாலும் தவணையில் பைக் எடுத்தவன். கோப்பு கண்ணுக்குத் தெரியாது. அதன்மீது ரோடு ரோலர் ஏற்ற முடியாது. அதை வைத்திருப்பவர் கண்ணாடியை இறக்கி, "நான் யார் தெரியுமா?" என்று கேட்கக்கூடியவர். நம் சட்டத்துக்குக் கிட்டப்பார்வை என்பது சரியல்ல. அதற்கு விலைப்பார்வை. பத்து லட்சத்துக்கு மேல் போனால் பார்வை மங்கிவிடும்.

புகைச் சான்றைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முடியாது. பங்க் ஓரத்தில் ஆம்னி வேன். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மின்விசிறி, தூக்கக் கலக்கத்தில் ஒரு தம்பி. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்க வேண்டும் என்பது விதி, அதனால் படம் பிடிக்கிறார்கள். குழாயைப் புகைபோக்கிக்குள் செருக வேண்டும் என்பதும் விதிதான். "செருகட்டுங்களா சார், இல்ல அப்படியே குடுத்துரட்டுமா?" என்று கேட்கிற தம்பியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேர்மையாகச் செருகினால், கேட் இல்லாத வண்டி பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். கேட்டை விட்டுவைத்து ரீமேப் மட்டும் செய்த வண்டியோ ஹாய்யாகத் தேறிவிடும். ஏனென்றால் பெட்ரோல் வண்டியை நிற்கவைத்துத்தான் சோதிக்கிறார்கள். மேப்பர் கைவைத்திருப்பது மிதிக்கும்போது திறக்கும் பக்கங்களில். நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் வழக்கமே இந்தச் சோதனையில் இல்லை. தலைநகர் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். டெல்லி வாகனப் புகை பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வரம்பைத் தாண்டிப் புகைவிட்ட 1.08 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குத் தேர்ச்சிச் சான்று தரப்பட்டிருக்கிறது என்றது அது. ஒரே மையத்தில், ஒரே நேரத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சோதிக்கப்பட்டதாகவும் பதிவுகள். பகவான் கிருஷ்ணருக்கு அப்புறம் ஒரே நேரத்தில் பலருக்குத் தரிசனம் தந்த பெருமை அந்தக் குழாய்க்குத்தான்.

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் இன்னொரு சான்றையும் சொல்லிவிடுகிறேன். டைனோ தாள். வண்டியை உருளைகள் மேல் ஏற்றி ஓட்டி எடுத்த வரைபடம். கீழ்க்கோடு பழசு, மேல்கோடு புதுசு, நடுவில் உள்ள இடைவெளிக்குத்தான் காசு. அன்றைய வெயிலுக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைத் திருத்த ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குமுறைகள் இருக்கின்றன. எந்த முறையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே நாலைந்து சதவீதம் உப்பும். பானெட்டைத் திறந்தா, மூடியா, விசிறி எவ்வளவு என்பதில் இன்னும் கொஞ்சம். கல்யாணச் சந்தையில் ஜாதகத்தைத் திருத்திய அனுபவம் உள்ள சமூகத்துக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை.

பிறகு வீடியோ. 'கல்வி நோக்கத்துக்காக மட்டும்' என்று முதலில் ஒரு எழுத்து ஓடும். 'மூடிய சாலையில், தேர்ச்சி பெற்ற ஓட்டுநரால்' என்று இன்னொன்று. வேகமானி 180-ஐத் தொடும்போது இடதுபக்கம் பால் கேனோடு ஒரு மொபெட் பின்னால் போகிறது. அந்த மொபெட்காரருக்குச் சாலை மூடியிருப்பதை யாரும் சொல்லவில்லை. 2023-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1.72 லட்சத்துக்கும் மேல். மாநிலங்களில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம்தான். 18 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலான சாவுகளுக்குக் காவல்துறை எழுதிய காரணம் அதிவேகம். ரீமேப்தான் இவர்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. மனிதர்கள் நடக்கும் சாலையில் இன்னும் முப்பது குதிரை குறைகிறதே என்று ராத்தூக்கம் இல்லாமல் தவித்தவரின் மூஞ்சியை மட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறேன்.

"அப்போ மோட்டார் ஸ்போர்ட்டே வேண்டாங்கறீங்களா?" என்று அடுத்த கேள்வி வரும், கோவைக்காரர் யாராவது கேட்பார். வேண்டும் ஐயா. இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் இருக்கிறது. செட்டிபாளையத்தில் 'கரி' என்ற ஓடுதளம் இருக்கிறது. கேட்டைக் கழற்றுங்கள், மேப்பை மாற்றுங்கள், ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கி ஓட்டுங்கள். டிக்கெட் வாங்கி வந்து நானே விசிலடிக்கிறேன். நாக் தட்டாமல், சூடு ஏறாமல், ஒரு டிகிரி ஒரு டிகிரியாகத் தீப்பொறியை நகர்த்தி ஒரு இன்ஜினைப் பாட வைப்பது கலை. அதில் கைதேர்ந்தவர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வணக்கம். நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்றுக்குப் போனது அவிநாசி சாலையில் ராத்திரி டபடப விட்டு அல்ல.

இனி செய்ய வேண்டியது என்ன என்பதில் மர்மம் எதுவும் இல்லை. வண்டியின் கம்ப்யூட்டரைக் கேட்டால், தன்னிடமுள்ள மென்பொருளின் அடையாள எண்ணையும் சரிபார்ப்பு எண்ணையும் அதுவே ஒப்பிக்கும். கம்பெனி கொடுத்த எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2021 ஜூலை 19 முதல் புகைச் சோதனையில் இதைப் பார்க்கிறார்கள். திருத்திய மென்பொருள் இருந்தால் வண்டி தேறாது, பழைய கோப்பை ஏற்றிவிட்டுத் திரும்ப வர வேண்டும். அந்த எண்ணையும் ஏமாற்ற ஒரு மேப்பர் கிளம்புவான்தான். கிளம்பட்டும், அவனாவது கொஞ்சம் உழைக்கட்டும். இப்போது அதற்குக்கூட அவசியம் இல்லாமல் வைத்திருக்கிறோம்.

போக்குவரத்துத் துறைக்கு வேண்டுகோள் ஒன்றுதான். ஷெட்டுக்காரர் கேபிள் செருகும் அதே சாக்கெட், ஸ்டீயரிங்குக்கு அடியில், பி.எஸ். 6 கார் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. சட்டம் உங்களிடம் இருக்கிறது. கம்பெனிகளிடமிருந்து எண்களைக் கேட்டு வாங்கும் அதிகாரமும் அரசிடம் இருக்கிறது. கேபிளை மட்டும் வாங்குங்கள். வாங்கியதும், முதல் வண்டியாக, உங்கள் அலுவலக வாசலில் கட்சிக்கொடியோடு குறுக்கே நிற்கிறதே, அந்த வெள்ளை எஸ்.யூ.வி.யில் செருகிப் பாருங்கள்.